எடுக்கப்படாத நிகழ்ச்சியும் ஏமாந்த முப்பது பேரும்



இன்றைய உரையின் பொருள் ஓர் ஆவணப்படம். பெயர் 'தி கிரேட்டஸ்ட் ஷோ நெவர் மேட்'. மூன்று பகுதிகள் கொண்ட இந்தப் படம் 2023 அக்டோபரில் அமேசான் பிரைம் வீடியோவில் வெளிவந்தது. இயக்கியவர் ஆஷ்லி ஃபிரான்சிஸ்-ராய். நடக்கவே நடக்காத ஒரு ரியாலிட்டி ஷோவை நம்பி, 2002ஆம் ஆண்டு வேலையை விட்டு, வீட்டைக் காலி செய்துவிட்டு லண்டனுக்கு வந்து சேர்ந்த முப்பது பேரின் கதை அது.

இந்தக் கதையைக் கேட்டவுடன் யாருக்கும் முதலில் வாயில் வருவது ஒரே கேள்விதான்: படித்தவர்கள், வேலையில் இருந்தவர்கள், இப்படியா போய் ஏமாறுவார்கள்? இந்தக் கேள்வியை ஏமாந்தவர்களிடம் கேட்பது அநியாயம். கேட்க வேண்டிய இடம் வேறு. அந்த முப்பது பேரையும் நம்பத் தயார் செய்து வைத்தது, அதற்கு முன்பே உண்மையாக ஒளிபரப்பாகிக் கொண்டிருந்த நிகழ்ச்சிகள். இதுதான் இந்த உரை சொல்ல வருவது.

விளம்பரமும் தீவும்

2002ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பிரிட்டனில் ஒரு விளம்பரம் வெளியாகிறது. துடிப்பும் சமயோசிதமும் உள்ளவர்கள் ஒரு புதிய ரியாலிட்டி ஷோவுக்குத் தேவை. படப்பிடிப்பு ஓராண்டு. வெல்பவர்களுக்கு ஒரு லட்சம் பவுண்டு பரிசு. விளம்பரத்தைக் கொடுத்தவர் நிக் ரஷ்யன் என்ற பெயரில் இயங்கிய ஓர் இளைஞர். நூற்றுக்கணக்கானோர் விண்ணப்பித்தார்கள்.

ஆடிஷன் நடந்த இடம் ரேவன்ஸ் எய்ட். லண்டனின் தென்மேற்கே, தேம்ஸ் ஆற்றின் நடுவில் இருக்கும் சின்னஞ்சிறு தீவு அது. வந்தவர்கள் குழு விளையாட்டுகளில் இறங்கினார்கள், கேமரா முன் பேசினார்கள், மனப்பாங்கை அளக்கும் கேள்வித்தாள்களை நிரப்பினார்கள். தொலைக்காட்சித் தேர்வு எப்படி இருக்கும் என்று பொதுமக்கள் கேள்விப்பட்டிருந்தார்களோ அப்படியே எல்லாம் நடந்தது. தேர்வானவர்களுக்குச் செய்தி போனது: வேலையை விட்டுவிடுங்கள், இருப்பிடத்தை ஒழித்துக் கொடுத்துவிடுங்கள், ஓராண்டுக்கு உங்கள் வாழ்க்கை இந்த நிகழ்ச்சிதான். என்ன செய்யப் போகிறோம், எங்கே தங்கப் போகிறோம் என்பதெல்லாம் ரகசியம்.

அவர்கள் சொன்னபடி செய்தார்கள். சிலர் ராஜினாமாக் கடிதம் கொடுத்தார்கள். சிலர் வாடகை வீட்டுச் சாவியைத் திருப்பிக் கொடுத்தார்கள். சிலர் காதலித்தவர்களிடம்கூட விடைபெற்றுக்கொண்டு வந்தார்கள்.

ஜூன் 10

2002 ஜூன் 10. முப்பது பேரும் பெட்டி படுக்கையோடு லண்டனில் கூடுகிறார்கள். பத்துப் பத்துப் பேராக மூன்று அணிகள் பிரிக்கப்படுகின்றன. அணிகளுக்கான பணி அறிவிக்கப்படுகிறது: ஓராண்டுக்குள் பத்து லட்சம் பவுண்டு சம்பாதிக்க வேண்டும். தங்குமிடம், சாப்பாடு, செலவுக்குப் பணம் எதுவும் கிடையாது. எல்லாவற்றையும் அவர்களே தேடிக்கொள்ள வேண்டும்.

கணக்கு ஒன்றும் கடினமானதல்ல. பத்துப் பேர் பத்து லட்சம் சம்பாதித்தால் தலைக்கு ஒரு லட்சம். பரிசு என்று விளம்பரத்தில் சொன்ன தொகை அவர்களே உழைத்துச் சம்பாதித்து, அவர்களே பங்கு போட்டுக்கொள்ள வேண்டிய தொகை. நிகழ்ச்சியை எந்தச் சேனலும் வாங்கியிருக்கவில்லை. தயாரிப்பாளர் கையில் காசும் இல்லை.

உண்மை விளங்கியதும் அணிகள் கலையத் தொடங்கின. ஓர் அணி மட்டும் உடனே கலையவில்லை. போக இடமில்லாததால் அவர்கள் கேமராமேனின் வீட்டில் ஒதுங்கினார்கள். கிழக்கு லண்டன் பக்கம் டால்ஸ்டனில் இருந்த சிறிய வீடு அது. அந்தக் கேமராமேனும் இவர்களைப் போலவே நம்பி வந்தவர். தரையில் வரிசையாகப் படுத்தார்கள். பிறகு நடந்ததுதான் யாரும் எதிர்பாராதது. நிகழ்ச்சியைத் தொடங்கிய நிக் ரஷ்யனுக்கே தங்க இடமில்லை. அவரும் அதே வீட்டில், தான் அழைத்து வந்தவர்களின் நடுவிலேயே படுத்திருந்தார்.

கேமரா மட்டும் நிற்கவில்லை. ஒளிபரப்பப் போவதில்லை என்று தெரிந்த பிறகும் அந்த வீட்டுக்குள் நடந்ததெல்லாம் பதிவானது. நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும் ஆட்கள், பேச்சு முற்றி எழும் சண்டைகள், நடுநடுவே வெடிக்கும் சிரிப்பு, 'இனி என்ன செய்வது' என்ற கேள்வி அப்பட்டமாகத் தெரியும் முகங்கள் எல்லாம் அந்த நாடாக்களில் இருக்கின்றன. போட்டியாளர்களே ஐடிவியின் 'லண்டன் டுநைட்' செய்திப் பிரிவைத் தொடர்புகொண்டார்கள். வராத சேனலுக்குக் காத்திருந்தவர்களைத் தேடி, கடைசியில் செய்தியாளர்கள் வந்தார்கள். நிகழ்ச்சி முடிந்தது. நிக் ரஷ்யன் கண்ணில் படாமல் போனார்.

அவர் மீது குற்ற வழக்கு எதுவும் வரவில்லை. போட்டியாளர்களிடம் அவர் பணம் வாங்கவில்லை. அவர்கள் இழந்தது வேலை, வீடு, உறவு, ஓராண்டுக்கான திட்டம். இவற்றை எல்லாம் சேர்த்து ஒரு குற்றமாக எழுதச் சட்டப் புத்தகத்தில் பிரிவு இல்லை.

இரண்டு ஆவணப்படங்கள்

இந்தச் சம்பவத்தைப் பற்றி இரண்டு படங்கள் உண்டு. முதலாவது 'தி கிரேட் ரியாலிட்டி டிவி ஸ்விண்டில்'. காஸ் கோரம், ஃபிரான்சிஸ் டிக்கன்சன் இருவரும் எடுத்தது. 2002 டிசம்பரிலேயே பிரிட்டனின் சேனல் 4 அதை ஒளிபரப்பியது. ஜூனில் நடந்ததற்கு டிசம்பரில் படம். காயம் ஆறுவதற்கு முன் எடுத்த படம் என்பதால் அதில் சூடு அதிகம். டால்ஸ்டன் வீட்டில் எடுத்த காட்சிகள் அதில் ஒளிபரப்பாயின. தொலைக்காட்சியில் வர வேண்டும் என்று புறப்பட்டவர்கள் தொலைக்காட்சியில் வந்தார்கள், ஏமாந்தவர்களாக.

இரண்டாவது 2023ஆம் ஆண்டுப் படம். இருபது வயதுகளில் வந்து நின்றவர்கள் இதில் நடுவயதுக்காரர்களாக வந்து உட்காருகிறார்கள். அவர்களில் ஆறு பேர் பேசுகிறார்கள். இந்தப் படத்தின் பலம் அது எடுத்துக்கொள்ளும் நிதானம். எப்படி ஏமாந்தீர்கள் என்பதைவிட எதற்காக விண்ணப்பித்தீர்கள் என்பதில் படம் அதிக நேரம் நிற்கிறது. அப்போதுதான் அந்த முகங்கள் திறக்கின்றன. புகழ் வேண்டும் என்று வந்தவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அதைவிட ஆழமாகக் கேட்பது வேறொன்று: அன்றிருந்த வாழ்க்கையில் மூச்சு முட்டியது, யாரோ நம்மைத் தேர்ந்தெடுத்தார்கள், இதற்கு முன் யாரும் அப்படித் தேர்ந்தெடுத்ததில்லை. நூற்றுக்கணக்கானோரில் முப்பது பேரில் ஒருவர் நீங்கள் என்று சொன்ன தொலைபேசி அழைப்பின் மகிழ்ச்சி இருபது ஆண்டுகள் கழித்தும் அவர்கள் குரலில் இருக்கிறது. அந்த மகிழ்ச்சியை ஏமாளித்தனம் என்று எழுதிவிட்டுப் போக இந்தப் படம் மறுக்கிறது. அதற்காகவே இதைப் பாராட்ட வேண்டும்.

கடைசிப் பகுதியில் நிக் ரஷ்யன் என்று அறியப்பட்டவரே கேமரா முன் வருகிறார். இப்போது வேறு பெயரில் வாழ்கிறார். நிகழ்ச்சியை உண்மையிலேயே எடுக்கத்தான் நினைத்தேன், படம் பிடித்துவிட்டால் ஏதாவது ஒரு சேனல் வாங்கிக்கொள்ளும் என்று நம்பினேன் என்பது அவர் தரப்பு. வருத்தமும் தெரிவிக்கிறார். அந்த முப்பது பேரின் கனவுக்குச் சற்றும் குறையாத கனவு அவருக்கும் இருந்திருக்கலாம். இருந்தாலும் தராசின் இரண்டு தட்டும் சமமாகாது. அவர் பணயம் வைத்தது அடுத்தவர்களின் வாழ்க்கையை, அதுவும் அவர்களுக்குச் சொல்லாமல்.

நம்பிக்கை எங்கிருந்து வந்தது

2002ஆம் ஆண்டை எண்ணிப் பார்த்தால்தான் இந்த ஏமாற்றின் வேர் புரியும். ஜான் டி மோல் உருவாக்கிய 'பிக் பிரதர்' 1999 செப்டம்பரில் நெதர்லாந்தில் தொடங்கியது. 2000 ஜூலையில் பிரிட்டனுக்கு வந்தது. அதன் முதல் வெற்றியாளர் கிரெய்க் பிலிப்ஸ். பரிசுத் தொகை 70,000 பவுண்டை டவுன் சிண்ட்ரோம் உள்ள தன் தோழியின் உறுப்பு மாற்று அறுவை சிகிச்சைக்காகக் கொடுப்பதாக அவர் அறிவித்தபோது நாடே நெகிழ்ந்தது. சாதாரண வேலை பார்த்த ஒருவர் ஒரே கோடையில் வீட்டுக்கு வீடு தெரிந்த பெயராகிவிட்டார்.

ஓராண்டு நிகழ்ச்சி என்பதும் அப்போது கேள்விப்படாத விஷயமல்ல. பிபிசி 'காஸ்ட்அவே 2000' நிகழ்ச்சிக்காக ஆண், பெண், குழந்தைகள் என 36 பேரை ஸ்காட்லாந்தின் மேற்குக் கடலில் உள்ள டாரன்சே தீவில் ஓராண்டு குடியமர்த்தியது. அங்கிருந்து திரும்பிய பென் ஃபோகிள் தொலைக்காட்சித் தொகுப்பாளராக வளர்ந்தார். 2002 பிப்ரவரியில் 'பாப் ஐடல்' வென்ற வில் யங்கின் முதல் பாடல் ஒரே வாரத்தில் பத்து லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது. முப்பது பேரும் லண்டனில் கூடிய ஜூன் 10 அன்று 'பிக் பிரதர்' மூன்றாம் பருவம் ஓடிக்கொண்டிருந்தது. ஜேட் குடி என்ற இளம் பெண் அந்த வீட்டுக்குள்தான் இருந்தார்.

ஆக, வேலையை விடு, வெளியுலகத்தோடு தொடர்பை அறு, எதையும் கேட்காதே, கேமராவை மறந்துவிடு, கடைசியில் வாழ்க்கை மாறும் என்பதே அன்றைய தொலைக்காட்சியின் நடைமுறை விதி. நிக் ரஷ்யன் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. இருந்த விதிகளை அப்படியே நகல் எடுத்தார். உண்மையான நிகழ்ச்சிக்கும் பொய்யான நிகழ்ச்சிக்கும் போட்டியாளரின் கண்ணுக்குத் தெரியும்படி எந்த வேறுபாடும் இல்லை. ரகசியம் காப்பது தயாரிப்பாளரின் உரிமை என்று பழக்கிவிட்ட இடத்தில், 'எந்தச் சேனல், யார் பணம்' என்று கேட்பவர் விளையாட்டைக் கெடுப்பவராகிவிடுகிறார்.

அனுமதி பெற்ற ஏமாற்றுகள்

இந்த முப்பது பேரின் கதை தனித்து நிற்கும் விபத்தும் அல்ல. மோசடிக்காரரை அம்பலப்படுத்தும் படத்தை 2002இல் காட்டிய அதே சேனல் 4, மூன்றே ஆண்டுகளில், 2005 டிசம்பரில், 'ஸ்பேஸ் கேடட்ஸ்' என்ற நிகழ்ச்சியை ஒளிபரப்பியது. ரஷ்யாவில் பயிற்சி பெற்று விண்வெளிக்குப் போகப் போகிறீர்கள் என்று சில இளைஞர்களிடம் சொன்னார்கள். விமானம் கடலுக்கு மேல் சில மணி நேரம் சுற்றிவிட்டு இங்கிலாந்திலேயே இறங்கியது. சஃபோக் பகுதியில் கைவிடப்பட்ட ஒரு விமானப்படைத் தளத்தை ரஷ்ய முகாமாக மாற்றியிருந்தார்கள். சுவரில் இருந்த மின்செருகிகள் உட்பட எல்லாம் ரஷ்யத் தோற்றத்தில் இருந்தன. ராக்கெட்டுக்குள் எடையற்ற நிலை ஏன் இல்லை என்பதற்கும் ஒரு விளக்கம் தயாராக இருந்தது.

எளிதில் நம்பிவிடக்கூடியவர்கள் யார் என்று சோதித்து, அப்படிப்பட்டவர்களாகவே பார்த்துத் தேர்ந்தெடுத்தார்கள். போட்டியாளர்கள் நடுவே நடிகர்களையும் கலந்து வைத்தார்கள். இறுதியில் பணப் பரிசு கொடுத்தார்கள் என்பது உண்மை. ஆனால் விண்வெளியிலிருந்து பூமியைப் பார்க்கப் போகிறோம் என்று உருகிய இளைஞர்களின் முகத்தை நாடே பார்த்துச் சிரித்த பிறகு, அந்தப் பணம் எதற்கு ஈடு?

ஜப்பானில் நடந்தது இதைவிடக் கொடியது. 1998 ஜனவரியில் நிப்பான் தொலைக்காட்சியின் 'சுசுனு! டென்பா ஷோனென்' நிகழ்ச்சி, ஃபுகுஷிமாவிலிருந்து நகைச்சுவை நடிகராகும் ஆசையோடு வந்த ஓர் இளைஞரைத் தேர்ந்தெடுத்தது. நீண்ட முகம் என்பதால் அவருக்கு 'நசுபி', அதாவது கத்தரிக்காய், என்று பட்டப்பெயர். கண்ணைக் கட்டி அழைத்துப்போய், உடைகளைக் களையச் சொல்லி, ஒரு சிறிய அறைக்குள் தனியே விட்டார்கள். அறையில் இதழ்களும் அஞ்சலட்டைகளும் இருந்தன. இதழ்களில் வரும் குலுக்கல் போட்டிகளுக்கு எழுதிப் போட்டு, பரிசாக வருவதை வைத்தே உயிர் வாழ வேண்டும். பத்து லட்சம் யென் மதிப்புக்குப் பரிசு சேர்ந்தால்தான் விடுதலை. 335 நாட்கள் ஆயின. பசிக்கு நாய்த் தீனியையும் தின்றார்.

இவை ஒளிபரப்பாகிக் கொண்டிருப்பதே அவருக்குத் தெரியாது. அவர் எழுதிய நாட்குறிப்பு அவருக்குத் தெரியாமலே புத்தகமாகி விற்றது. முடிந்தது என்று சொல்லி அவரைக் கொரியாவுக்கு அழைத்துப்போய், ஊர் திரும்ப விமானக் கட்டணம் சேர்க்கும்படி மறுபடியும் ஓர் அறையில் அடைத்தார்கள். கடைசியாக இன்னோர் அறைக்குக் கொண்டுபோனார்கள். பழக்கதோஷத்தில் அவர் உடைகளைக் களைந்தார். சுவர்கள் நான்கும் சாய்ந்தன. எதிரே கைதட்டும் பார்வையாளர் கூட்டம்.

கிளேர் டிட்லி இயக்கிய 'தி கன்டெஸ்டன்ட்' இந்தக் கதையைச் சொல்கிறது. 2023இல் டொரண்டோ திரைப்பட விழாவில் முதலில் திரையிடப்பட்டது. நசுபியும் பேசுகிறார், நிகழ்ச்சியைத் தயாரித்த தோஷியோ ட்சுசியாவும் பேசுகிறார். கதவு பூட்டப்படவில்லையே, அவர் வெளியே போயிருக்கலாமே என்ற வாதத்தைப் படம் பொறுமையாக எடுத்துக் காட்டுகிறது. தனிமையும் பசியும் ஒரு மனிதரை எந்த நிலைக்குக் கொண்டுவந்து நிறுத்தும் என்பதற்கு அவர் உடலே சாட்சியாகத் திரையில் இருக்கிறது. 2011இல் பூகம்பமும் சுனாமியும் அணு உலை விபத்தும் ஃபுகுஷிமாவைத் தாக்கிய பிறகு நசுபி தன் மண்ணுக்காக உழைக்கத் தொடங்கினார். பல தோல்விகளுக்குப் பின் 2016இல் எவரெஸ்ட் உச்சியை அடைந்தார். தன்னைக் கேலிப்பொருளாக்கிய புகழை ஊருக்காகப் பயன்படுத்திக்கொண்ட அந்த மனிதரின் பெருந்தன்மை, நிகழ்ச்சி செய்ததை நியாயப்படுத்திவிடாது.

துருக்கியில் 2009இல் நடந்ததும் இதே வழியில் வந்ததுதான். இஸ்தான்புல் அருகே ரிவா என்ற ஊரில் ஒரு பங்களாவிலிருந்து ஒன்பது பெண்களைத் துணைராணுவக் காவலர்கள் மீட்டார்கள். 'பிக் பிரதர்' போன்ற நிகழ்ச்சியில் இருக்கிறோம் என்று அவர்கள் இரண்டு மாதம் போல நம்பியிருந்தார்கள். அவர்களுடைய படங்கள் இணையத்தில் காசுக்கு விற்கப்பட்டுக் கொண்டிருந்தன. வெளியேறினால் 50,000 லிரா அபராதம் என்ற ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கியிருந்தார்கள். உண்மையான நிகழ்ச்சிகளில் அபராத விதி இருப்பது ஊரறிந்த சங்கதி. அதனால்தான் இந்தப் போலி ஒப்பந்தம் பெண்களின் கண்ணுக்கு அசலாகத் தெரிந்தது.

கேமராவின் அதிகாரம்

'எழுந்து போயிருக்கலாமே' என்பவர்களுக்கு ஒரு பிரெஞ்சுப் படம் பதில் சொல்லும். கிறிஸ்டோஃப் நிக் உருவாக்கிய 'லெ ஜூ த லா மோர்' என்ற ஆவணப்படத்தை 2010 மார்ச்சில் பிரான்ஸ் 2 ஒளிபரப்பியது. அதற்காகவே ஒரு பொய்யான கேள்வி-பதில் நிகழ்ச்சியை அரங்கம், தொகுப்பாளர், பார்வையாளர் என்று அச்சு அசலாக அமைத்தார்கள். 80 பேரைப் போட்டியாளர்கள் என்று அழைத்தார்கள். இது வெள்ளோட்டம்தான், பரிசு இல்லை என்றும் முன்பே சொல்லிவிட்டார்கள். எதிரணியில் இருப்பவர் தவறான பதில் சொன்னால் போட்டியாளர் அவருக்கு மின்சாரம் பாய்ச்ச வேண்டும். ஒவ்வொரு தவறுக்கும் அளவு கூடும், 460 வோல்ட் வரை. எதிரில் இருந்தவர் நடிகர், மின்சாரம் கிடையாது. அது போட்டியாளருக்குத் தெரியாது.

அலறல் கேட்டது, கெஞ்சல் கேட்டது, ஒரு கட்டத்தில் சத்தமே இல்லை. தொகுப்பாளர் தொடரச் சொன்னார், பார்வையாளர்கள் கைதட்டினார்கள். 80 பேரில் பாதியில் மறுத்து வெளியேறியவர்கள் 16 பேர் மட்டுமே. 1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஸ்டான்லி மில்கிராம் நடத்திய கீழ்ப்படிதல் சோதனையைப் பின்பற்றியதுதான் இது. அங்கே சாம்பல் நிற ஆய்வக அங்கி அணிந்த விஞ்ஞானிக்கு இருந்த அதிகாரம், இங்கே கையில் மைக் வைத்திருந்த தொகுப்பாளருக்கு இருந்தது. பரிசு இல்லை என்று தெரிந்தவர்களே இவ்வளவு தூரம் போனார்கள் என்றால், வேலையையும் வீட்டையும் விட்டுவிட்டு வந்த முப்பது பேரிடம் ஏன் முதல் நாளே கேள்வி கேட்கவில்லை என்று கேட்க நமக்கு வாயில்லை.

பொறுப்பு யாருடையது

நம்பிக்கையூட்டும் மாற்றம் ஒன்று நீதிமன்றத்திலிருந்து வந்திருக்கிறது. பிரான்சில் 'டெம்ப்டேஷன் ஐலண்ட்' வடிவத்தில் வந்த நிகழ்ச்சியில் கலந்துகொண்டவர்கள், நாங்கள் செய்தது வேலை, எங்களுக்கு ஊழியருக்கான உரிமை வேண்டும் என்று வழக்குத் தொடுத்தார்கள். விடுமுறையில் தீவுக்குப் போய்ப் பொழுதைக் கழித்ததற்குச் சம்பளமா என்று பலர் நகைத்தார்கள். 2009 ஜூன் 3 அன்று அந்நாட்டின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. எப்போது எழ வேண்டும், எப்போது உறங்க வேண்டும் என்பதைத் தயாரிப்பு நிறுவனம் தீர்மானித்தது. அந்த இடத்திலேயே தங்க வேண்டும், வெளியாரோடு பேச முடியாது, சொன்ன நடவடிக்கைகளில் கலந்துகொண்டே ஆக வேண்டும். இது வேலை ஒப்பந்தம்தான் என்றது நீதிமன்றம்.

போட்டியாளரை 'அதிர்ஷ்டசாலி' என்று பார்த்த இடத்தில் 'தொழிலாளி' என்று பார்த்த தீர்ப்பு இது. இந்தப் பார்வை 2002இல் லண்டனில் இருந்திருந்தால், ஓராண்டு உழைப்பைக் கேட்ட ஒருவரிடம் சம்பளப் பட்டியலை நீட்டச் சொல்லும் துணிவு அந்த முப்பது பேருக்கும் வந்திருக்கும்.

பிரிட்டனில் மாற்றம் ஒரு மரணத்துக்குப் பிறகே வந்தது. 2005 முதல் ஐடிவியில் ஓடிய 'தி ஜெரமி கைல் ஷோ' 2019 மே மாதம் நிறுத்தப்பட்டது. அதில் பொய் கண்டறியும் சோதனைக்கு உட்பட்ட ஒருவர் இறந்துபோனதே காரணம். நாடாளுமன்றக் குழு விசாரணை நடத்தியது. ஒளிபரப்பு ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்காம் புதிய விதிகளைக் கொண்டுவந்தது. பெரிய தீங்கு நேரக்கூடிய நிலையில் ஒரு பங்கேற்பாளர் இருந்தால் அவருடைய நலனை உரிய கவனத்தோடு பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது 2021 ஏப்ரல் முதல் அங்கே ஒளிபரப்பு நிறுவனங்களின் கடமை.

நம் வீட்டுத் திரை

ஜான் டி மோலின் அந்த வடிவம்தான் 2006இல் இந்தியில் 'பிக் பாஸ்' ஆனது. 2007 ஜனவரியில் பிரிட்டனின் 'செலிப்ரிட்டி பிக் பிரதர்' வீட்டில் ஷில்பா ஷெட்டியை இனவெறிப் பேச்சால் புண்படுத்தியவர்களில் ஒருவர், 2002 கோடையில் புகழடைந்த அதே ஜேட் குடி. அடுத்த ஆண்டு அவர் இந்திய 'பிக் பாஸ்' வீட்டுக்கு வந்தார். அங்கே இருந்தபோதுதான் தனக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய் என்ற செய்தி அவருக்கு வந்தது. 2009 மார்ச் 22 அன்று இறந்தார். வயது 27. நோய்ச் செய்தியைக் கேட்கும் நேரத்திலும் கேமரா சுற்றி நிற்கும் வாழ்க்கை அது.

தமிழில் 'பிக் பாஸ்' 2017 ஜூன் 25 அன்று விஜய் தொலைக்காட்சியில் கமல் ஹாசன் தொகுத்து வழங்கத் தொடங்கியது. அதற்கும் முன்பே பாட்டுக்கும் நடனத்துக்கும் நகைச்சுவைக்கும் ரியாலிட்டி ஷோக்கள் வந்துவிட்டன. இவற்றால் வாழ்வு பெற்ற திறமைசாலிகள் பலர். அதை மறுக்க முடியாது. சிற்றூர்களிலிருந்து ஆடிஷனுக்கு வந்து வரிசையில் நிற்கும் பிள்ளைகளின் ஆசையும் குறை சொல்லத் தக்கதல்ல. ஆனால் அந்த ஆசையைப் பார்த்துக் கடை விரிப்பவர்கள் இங்கும் இருக்கிறார்கள். சேனலில் சேர்த்துவிடுகிறேன், சினிமாவில் வாய்ப்பு வாங்கித் தருகிறேன் என்று சொல்லி, பதிவுக் கட்டணம், போட்டோ செலவு என்று கறக்கும் ஆட்களைப் பற்றிய செய்தி நாளிதழ்களுக்குப் புதிதல்ல. ஏமாந்த குடும்பம் பெரும்பாலும் காவல் நிலையம் போவதில்லை. அவமானம் தடுக்கிறது. கேலி செய்யும் ஊர்தான் மோசடிக்காரருக்கு முதல் பாதுகாப்பு.

இந்த இடத்தில்தான் ஆவணப்படத்தின் பணி தொடங்குகிறது. படம் எடுப்பவரும் கேமராவோடுதான் வருகிறார். ஏற்கெனவே கேமராவால் புண்பட்டவரை மறுபடியும் கேமரா முன் உட்கார வைக்கிறார். ஃபிரான்சிஸ்-ராயும் டிட்லியும் இந்தப் பொறுப்பை உணர்ந்து செயல்பட்டிருக்கிறார்கள். தவறு செய்தவரையும் பேசவிட்டார்கள். ஆனால் கதையின் உரிமையைப் பாதிக்கப்பட்டவர்கள் கையிலேயே விட்டார்கள். இங்கே அமர்ந்திருக்கும் மாணவர்களில் பலர் நாளை சேனல்களில் வேலைக்குப் போவீர்கள். ஆடிஷன் நடத்துவீர்கள், ஒப்பந்தத்தை நீட்டுவீர்கள், எடிட்டிங் மேசையில் ஒருவருடைய அழுகையை எங்கே வெட்டுவது என்று முடிவு செய்வீர்கள். இந்த இரண்டு படங்களையும் பாடமாக வைத்துப் பாருங்கள்.

பெற்றோரிடமும் இளைஞர்களிடமும் ஒரு வேண்டுகோள். எந்த நிகழ்ச்சிக்குப் போனாலும் கையெழுத்துக்கு முன் நான்கைக் கேளுங்கள். எந்தச் சேனல், அந்தச் சேனலின் கடிதம் எங்கே? படப்பிடிப்பு நாட்களுக்குச் சம்பளம் என்ன? நடுவில் வெளியேற நினைத்தால் என்ன நடக்கும்? நிகழ்ச்சி முடிந்த பிறகு மனம் உடைந்தால் யாரிடம் போவது? ஒப்பந்தத்தின் நகலை வீட்டுக்குக் கொண்டுவந்து, விவரம் தெரிந்த ஒருவரிடம் காட்டிவிட்டுப் பிறகு கையெழுத்துப் போடுங்கள். நகல் தர மறுப்பவர்களிடம் உங்கள் பிள்ளைகளை அனுப்பாதீர்கள். தெரிந்தவர் யாராவது இப்படி ஏமாந்து வந்தால் அவரைக் கேலி செய்யாமல் கூடவே காவல் நிலையம் வரை போய்ப் புகார் கொடுக்க உதவுங்கள்.